கண்ணாடி நிற்காத மூக்கு

கீழ்பென்னாத்தூருக்கும் திருவண்ணாமலைக்கும் வேன் ஓட்டிய கண்ணாயிரத்துக்கு அப்போது இருபத்தெட்டு வயது. எட்டு வருட ஓட்டத்தில் வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. இதை அவன் சொல்ல வேண்டியதே இல்லை. அவன் அக்கா பச்சையம்மாள் முந்திக்கொண்டு சொல்லிவிடுவாள்.

தொண்ணூற்றேழு தை மாதம் ஒரு காலையில் அவன் தலையணை உறையில் ரத்தப் பொட்டு இருந்தது. மூக்கிலிருந்து வந்த ரத்தம். அந்த வேனில் இன்ஜின் டிரைவர் சீட்டை ஒட்டியே இருக்கும். "பௌர்ணமிக்குப் பௌர்ணமி இத்தினி ட்ரிப் அடிச்சா சூடு ஏறாம என்ன பண்ணும்?" என்று பச்சையம்மாள் அவன் தலையில் விளக்கெண்ணெய் வைத்தாள். சித்திரையில் இருமலோடும் ரத்தம் வந்தது.

நெஞ்சை எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். நுரையீரலில் இரண்டு இடத்தில் ஓட்டை. சளியில் கிருமி இல்லை என்று வந்தாலும், படத்தை வைத்து டிபி மாத்திரை ஆரம்பித்தார்கள்.

அது அவனுக்குப் பெண் தேடிக்கொண்டிருந்த வருடம். டிபி மாத்திரை அட்டை குப்பையில் கிடந்தால் தெருவே படித்துவிடும். அதனால் பச்சையம்மாள் காலி அட்டைகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தாள். எட்டாவது வரை படித்தவள். அவன் விழுங்கும்வரை எதிரிலேயே நிற்பாள். பிறகு அட்டையின் பின்னால் தேதி எழுதுவாள்.

சளியை இன்னும் இரண்டு தடவை பார்த்தார்கள். இரண்டு தடவையும் 'இல்லை'. ஒவ்வொரு 'இல்லை'க்கும் அவள் கோபுர வாசலில் கற்பூரம் ஏற்றினாள். ஒவ்வொரு 'இல்லை'க்குப் பிறகும் அவன் இன்னும் கொஞ்சம் இளைத்தான்.

ஐந்தாம் மாதம், மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டர் சக்கரபாணி புதுப் படத்தைப் பார்த்து முகம் சுளித்தார். "மாத்திரையை ஒழுங்கா போட்டிருக்க மாட்டான்."

மறுநாள் பச்சையம்மாள் தம்பியோடு போய் டின்னை அவர் மேஜைமேல் கவிழ்த்தாள். அவர் தேதிகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"ஒரு நாள்கூட விடலையேம்மா."

"விடலை சார். இன்னொண்ணும் சொல்லணும். இவன் கூலிங் கிளாஸ் மூக்குல நிக்க மாட்டேங்குது. வழுக்கிக்கினே வருது."

கண்ணாயிரம் சிரித்தான். "கண்ணாடி லூசாயிட்டதுக்குமாக்கா டாக்டரு?"

"கண்ணாடி லூசு இல்லடா. நான் போட்டுப் பாத்துட்டேன்."

டாக்டர் சிரிக்கவில்லை. அவனுடைய லைசென்ஸை வாங்கி, போட்டோவை அவன் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தார். இரண்டு கண்ணுக்கும் நடுவில் மூக்குத்தண்டு அமுங்கிப்போயிருந்தது. உடனே சிறுநீரைப் பார்க்கச் சொன்னார். அதிலும் ரத்தம் இருந்தது.

பச்சையம்மாளைத் தனியாக அழைத்தார். "ரொம்ப அபூர்வமான வியாதியா இருக்கலாம்மா. நோய்க்கிருமியை அடிக்க வேண்டிய ஒடம்பு, தன் ரத்தக் குழாயையே அடிக்குது. அப்படின்னா அதோட அடையாளம் ரத்தத்துல இருக்கும். 'அன்கா'னு ஒரு டெஸ்ட். சென்னைக்கு அனுப்பணும்."

"மருந்தை இப்பவே குடுத்துடக் கூடாதா?"

"அந்த மருந்து ஒடம்போட எதிர்ப்பையே அடக்கிடும். இது டிபியா இருந்து அதைக் குடுத்தா, டிபி பரவி ஆளைத் தூக்கிடும். இந்த வியாதியா இருந்து சும்மா விட்டா, ரெண்டு கிட்னியும் போயிடும். எதுன்னு தெரியணும்."

ஒன்பது நாள் காத்திருந்தார்கள். சிறுநீர் கடுங்காப்பி நிறத்துக்கு வந்தது. காலையில் எழுந்தால் அவனால் கண்ணைத் திறக்க முடியாத அளவுக்கு முகம் வீங்கியிருந்தது. பச்சையம்மாள் பழக்கதோஷத்தில் 'இல்லை' என்று வர வேண்டுமென்றே வேண்டிக்கொண்டிருந்தாள்.

பத்தாம் நாள் போனாள். "இல்லைன்னுதானே சார் வந்திருக்கு?"

"இருக்கும்மா. நல்லாவே இருக்கு."

அவள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

"இந்தத் தடவை இருக்குன்னு வந்தாதான் அவனுக்கு வழி," என்றார் டாக்டர். "இதை மட்டும் நம்பி நிக்கக் கூடாது. மூக்குச் சதையையும் எடுத்துப் பாக்கணும். இன்னிக்கே வேலூருக்குக் கெளம்புங்க."

வேலூரில் சதையும் அதையேதான் சொன்னது. மருந்து ஏறியது, முடி கொட்டியது, இருமலில் ரத்தம் நின்றது. சிறுநீரகம் பாதியோடு தப்பியது. இன்னும் பத்து நாள் போயிருந்தால் அந்தப் பாதியும் இல்லை என்றார்கள்.

தொண்ணூற்றொன்பதில் கண்ணாயிரம் மறுபடி வேனில் ஏறினான். அமுங்கிய மூக்கு எழும்பவில்லை. கூலிங் கிளாஸைப் பின்னால் கயிறு கட்டிப் போட்டுக்கொண்டான். வண்டியில் இன்றுவரை கீறல் கிடையாது.

இந்த வியாதி திரும்பி வரும் என்று சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே டெஸ்டுக்கு ரத்தம் கொடுக்கிறான். 'இல்லை' என்று காகிதம் வருகிறது. நல்ல சேதிதான் என்கிறார் டாக்டர். பச்சையம்மாள் தேதி எழுதி அதை டின்னில் வைக்கிறாள். கற்பூரம் ஏற்றுவதில்லை. மறுநாள் காலை, அவன் எழுந்து போனதும், தலையணை உறையைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறாள்.