துண்டுக்குப் பின்னால் எரியாத விளக்கு

பூந்தமல்லி பேருந்து நிலையத்தில் ஆவடி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தபோது வசந்தாவின் போன் வந்தது. "அண்ணே, அவரு போய்ட்டாருண்ணே." வசந்தாவின் கணவன், என் நண்பன் தனசேகரைப் பார்க்கத்தான் நான் கிளம்பியிருந்தேன்.

ஞாயிறுதோறும் ஆவடி குவார்ட்டர்ஸில் அவன் வீட்டில் கூடிப் பாட்டுக் கேட்ட எங்கள் எல்லோருக்கும் அவனுடைய எஸ்.ஏ.சி.டி. இசைத்தட்டுப் பைத்தியம் தெரியும். ஒரே தட்டில் இரண்டு அடுக்குகள். ஒன்றை எந்த சி.டி. பிளேயரும் பாடும். இன்னொன்றில் இருப்பது அதைவிடத் துல்லியமான பதிவு. அதற்கென்று தனி பிளேயர் வேண்டும். அதை அவன் 'நல்ல லேயரு' என்பான். எனக்கு மட்டும் கடைசிவரை வித்தியாசம் பிடிபடவில்லை. சும்மா கதை விடாதே என்பேன். "உனுக்குக் காது கேக்கத்தான் கீதா, இல்ல கண்ணாடி மாட்டவா மச்சான்?" என்று கேட்பான். எப்படியாவது என் வாயால் 'தெரியுது' என்று சொல்ல வைத்துவிடவேண்டும் என்பதுதான் அவனுக்கு ஆசை.

போன தைப்பொங்கல் விடுமுறையில் சோதனை வைத்தான். எந்த அடுக்கு பாடுகிறது என்று காட்டும் விளக்கை நான் எட்டிப் பார்த்துவிடக் கூடாதென்று பிளேயரின் முகப்பில் துண்டைப் போட்டு மூடினான். ரிமோட் வசந்தா கையில். வீணைத் தட்டு. முதலில் ஒருமுறை, அடுக்கை மாற்றி மறுபடியும் ஒருமுறை. இரண்டாம் முறை தந்தியில் விரல் உரசுவது கேட்டது. "இதுதான் நல்ல லேயர். தெரியுதுடா" என்றேன். மனதாரத்தான் சொன்னேன். "அப்டி வா வழிக்கு!" என்று என்னைக் கட்டிப்பிடித்தான்.

அதன்பிறகு அவன் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஜெயித்ததைச் சொல்லிக்காட்டாத மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன்.

காரியம் முடிந்த அன்று வசந்தா சொன்னார். "நீங்க போனப்புறம் துண்ட எடுத்துட்டுப் போட்டுப் பாத்தாருண்ணே. அந்த லேயரு லைட்டு எரியவே இல்ல. தட்டப் படிக்கிற லென்ஸு வீக்காயிட்ச்சி. நீங்க கேட்டது ரெண்டு தபாவும் சாதா லேயருதான். 'அவன்கிட்ட சொல்லாத, லென்ஸ மாத்திட்டு நெசமா கேக்க வெக்கிறேன்'னாரு. அந்த லென்ஸு எங்கயும் கெடைக்கல."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அவன் சொல்லியிருந்தால் இருவரும் வயிறு வலிக்கச் சிரித்திருப்போம்.

வீணைத் தட்டு இப்போது கரையான்சாவடியில் என் வீட்டில் இருக்கிறது. என்னிடமுள்ள சி.டி. பிளேயரில் சாதாரண அடுக்கு மட்டும் பாடுகிறது. தேடினால் ஒருநாள் வேறு பிளேயர் கிடைக்கலாம். "தெரியுதா மச்சான்?" என்று கேட்கத்தான் ஆளில்லை.