பெரட்டுக்கு முந்திய நிலா

எங்கள் ஊரில் குளிர்காலம் கிடையாது. ரப்பர் மரங்களுக்கு மட்டும் உண்டு. தைப்பூசம் கழிந்த கையோடு இலைகள் சிவந்து, உதிர்ந்து, மரங்கள் எலும்பாக நிற்கும். ஈப்போவுக்குத் தெற்கே இருந்த எங்கள் தோட்டத்தில் இப்போது செம்பனைதான். அது இலை உதிர்ப்பதில்லை, வானத்தையும் காட்டுவதில்லை.

எனக்கு ஆறு வயதிருக்கும். அப்படியொரு மாதத்தில் அம்மா என்னை உலுக்கி எழுப்பினாள். "விடிஞ்சிருச்சு, எந்திரி." வரிசையாக வீடுகள் ஒட்டிய லயத்து வாசல் முழுக்க வெளிச்சம். காலைப் பெரட்டில் பேர் கூப்பிடும்போது இன்னொரு தடவை ஆள் இல்லையென்றால், பால்வெட்டிலிருந்து எடுத்துக் கூலி குறைந்த புல்வெட்டில் போட்டுவிடுவதாக, ஆட்களை மேய்க்கிற மண்டோர் அவளிடம் சொல்லியிருந்தார். அடுப்பைப் பற்றவைக்கவில்லை, அப்பாவை எழுப்பவில்லை. ஒரு கையில் பால் வாளி, ஒரு கையில் நான், ஓடினாள்.

காலடியில் சருகுகள் அப்பளமாய் நொறுங்கின. சேவல் ஒன்று கூவத் தொடங்கி, சந்தேகப்பட்டு, பாதியில் நிறுத்தியது. வெளிச்சம் இருந்தது, சூடு இல்லை. என் நிழல் இருந்தது, காலையில் அது விழுகிற பக்கத்தில் இல்லை. இது பகலில் எந்தப் பகுதி என்று எனக்குப் பிடிபடவேயில்லை.

பெரட்டுத் திடலில் ஒருவரும் இல்லை. எல்லாரும் பால் வெட்டப் போய்விட்டார்கள் என்று அம்மா வாளியைக் கீழே போட்டாள். அவள் முகத்தைப் பார்த்து நானும் அழத் தயாரானேன். அப்போது பக்கத்து வீட்டு அக்கா கொண்டையை முடிந்துகொண்டே ஓடி வந்தார். வந்தவர் அண்ணாந்து பார்த்தார். மொட்டைக் கிளைகளுக்கு நடுவே, வருஷமெல்லாம் இலைகள் மறைத்து வைத்திருந்த முழுநிலா.

"நீங்களும் ஏமாந்துட்டீங்களாக்கா?" என்று அம்மாவிடம் கேட்டார்.

அதற்குள் இன்னும் இரண்டு பெண்கள் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்கள். பயந்து ஓடிவந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். பெரட்டுக்கு இன்னும் வெகுநேரம் இருந்தது. போய்ப் படுக்கலாம் என்று அம்மாவின் சேலையை இழுத்தேன்.

"வீட்டுக்குப் போனா அடுப்பு இருக்கு. இங்க சும்மா உக்காரலாம்லா," என்றாள்.

உட்கார்ந்தார்கள். வெற்றிலை கைமாறியது. பக்கத்து வீட்டு அக்கா மண்டோரைப் போல் நடந்து காட்டினார். அம்மா கால் நீட்டி உட்கார்ந்து அன்றுதான் பார்த்தேன். அது யாரோ வேறொருத்தி போலிருந்தது.

தானே கோப்பி கலக்கிக் குடிக்க நேர்ந்த அப்பா, சாயங்காலம் லயம் முழுக்கச் சொல்லிச் சிரித்தார். நிலாவுக்கும் சூரியனுக்கும் வித்தியாசம் தெரியாதவளைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டாராம். அம்மாவும் கூடச் சேர்ந்து சிரித்தாள். எனக்குத்தான் வெட்கமாக இருந்தது. தரையில் கரித்துண்டால் இரண்டையும் வரைந்து, எதற்குக் கதிர் உண்டு, எதற்குக் கிடையாது என்று அவளுக்கு விளக்கினேன். குறுக்கே பேசாமல் கேட்டாள். நாளைக்கும் நிலா இதே மாதிரி இருக்குமா என்று மட்டும் கேட்டாள். இருக்கும் என்றேன்.

மறுநாளும் வாசலில் வெளிச்சம். அம்மா கதவைத் திறந்து கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தாள். பிறகு உள்ளே வந்து, அப்பாவுக்கும் கேட்கிற சத்தத்தில், நேரமாகிவிட்டது என்று என்னை எழுப்பினாள்.

படம் போட்டுச் சொல்லிக்கொடுத்தும் இவளுக்கு ஏறவில்லையே என்று நொந்துகொண்டே அவள் பின்னால் நடந்தேன்.