வண்டிக்குப் பின்னால் ஒரு படி

என் மகன் புதிதாகப் பிக்கப் வண்டி எடுக்கப் போகிறான். வண்டியைத் தேர்ந்தெடுக்க ஒரு நாள் போதுமாக இருந்தது. அதற்கு மாட்ட வேண்டிய சாமான்களைத் தேர்ந்தெடுக்க ஒரு வாரமாக வீடே அல்லாடுகிறது. பேத்தி போனைப் பார்த்துப் படிக்கப் படிக்க நான் விரல் விட்டு எண்ணிக்கொண்டு வந்தேன். முன்பக்கக் கம்பித் தடுப்பு, பனி விளக்கு, கூரைக் கம்பி, பின்தொட்டிக்கு ரப்பர் விரிப்பு, அதன் மேல் மூடி, ரிவர்ஸ் கேமரா என்று பத்தொன்பது வந்தது. கேமரா மழையில் நனைந்தால் என்ன ஆகும், மூடியைக் குரங்கு பிய்த்தால் யார் பொறுப்பு என்று எனக்கு வந்த கவலைகளை யாரும் எண்ணவில்லை.

ஷோரூமில் விற்பனைப் பையன் கடைசியாக என் பக்கம் திரும்பி, “ஐயா, உங்களுக்கு இன்னா வேணுங்க?” என்று மரியாதைக்குக் கேட்டான்.

“பின்னாடி ஏற ஒரு படி” என்றேன்.

அவன் என் மகனைப் பார்த்தான். மகன் கூரையைப் பார்த்தான். “தாத்தா, நீங்க முன்னாடி சீட்லதான உக்காரப் போறீங்க?” என்றாள் பேத்தி.

அதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் அறுபது வருடம் பின்னால் போக வேண்டும். ஷோரூமில் அதற்கு யாருக்கும் பொறுமை இல்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

ஜவ்வாது மலையில் எங்கள் ஊருக்கு மண் ரோடு வந்த மறு வருடம் அது. எனக்கு ஒன்பது வயது. அதுவரை எங்கள் சாமையும் புளியும் தலைச்சுமையாகத்தான் அடிவாரத்து ஆலங்காயத்துக்கு இறங்கின. ரோடு வந்ததும் அப்பாவுக்கு வண்டி ஆசை வந்துவிட்டது. ஊரின் முதல் வண்டி எங்கள் வீட்டு வண்டியாக இருக்கப் போகிறது என்று தெரிந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தக் காலத்தில் இந்த மாதிரிச் சுமை வண்டி முழுதாக வராது. முன்னால் எஞ்சினும் டிரைவர் உட்காரும் கூண்டும் இருக்கும். பின்னால் வெறும் இரும்புச் சட்டம். சுமை ஏற்றும் தொட்டியை நாமே பட்டறையில் சொல்லிக் கட்டிக்கொள்ள வேண்டும். ஆகவே பலகை என்ன மரம், கொக்கி எத்தனை, விளக்கு என்ன நிறம் என்பதையெல்லாம் வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவு செய்யலாம். அதாவது, வீட்டில் உட்கார்ந்து சண்டை போடலாம்.

அம்மாவின் தம்பியான மாமா வேலூரில் இரண்டு வருடம் லாரி கிளீனராக இருந்தவர். வண்டியை ஓட்டப் போகிறவரும் அவர்தான். யானைக் காது போலப் பக்கத்துக்கு ஒன்றாகக் கண்ணாடி, பலகை ஓரமெல்லாம் கலர் விளக்கு, ஆள் உயரத்துக்குத் தேக்குப் பலகை என்று அவர் கேட்டுக்கொண்டே போனார். அப்பா எல்லாவற்றையும் மறுத்துவிட்டு, கயிறு கட்டக் கொக்கி மட்டும் கேட்டார். அதிலும் ஆறு போதுமா எட்டு வேண்டுமா என்று அவருக்கே அவரோடு தகராறு. அம்மா சாமி படம் வைக்க ஒரு மாடம் கேட்டாள். நான் ரப்பர் குமிழ் வைத்த பித்தளை ஹாரன் கேட்டேன். ஹாரனுக்காக இரண்டு நாள் அழுதேன் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

அத்தை ஒன்றும் கேட்கவில்லை. அத்தை அப்பாவின் தங்கை. புருஷன் வீட்டிலிருந்து எப்போதோ வந்து எங்களோடேயே தங்கிவிட்டவள். அதிகம் பேச மாட்டாள்.

பட்டறைக்குப் போவதற்கு முன் ஒரு முக்கியமான வேலை இருந்தது. எங்கள் ஊர் முகப்பில் ஒன்றரை ஆள் உயரத்துக்கு இரண்டு கற்கள் நிற்கும். அவற்றுக்கு நடுவே தரையிலிருந்து சாண் உயரத்துக்கு ஒரு வாசக்கல். அதுதான் அம்மன் வாசல். ஊருக்குள் புதிதாக வரும் எதுவும், மருமகளோ மாடோ, முதல் தடவை அந்த வாசல் வழியாகத்தான் வர வேண்டும். அதற்குப் பிறகு எந்த வழியாகவும் போகலாம், வரலாம். வாசல் வழியாக வராத மாட்டை யாரும் ஏரில் பூட்ட மாட்டார்கள். வாசல் வழியாக வராத வண்டியில் யாரும் மூட்டை ஏற்ற மாட்டார்கள். அப்புறம் வண்டி எதற்கு?

ஆகவே அப்பாவும் மாமாவும் ஒரு மூங்கில் கழியைக் கற்களுக்கு நடுவே வைத்துச் சரியாக வெட்டினார்கள். பூசாரியைத் தவிர வேறு யாரும் அந்தக் கற்களை முழங்காலுக்கு மேலே தொடக் கூடாது. அதனால் இருவரும் மண்டியிட்டுக் கற்களின் அடியில் அளவெடுத்தார்கள். நான்கு தடவை அளந்தார்கள். ஐந்தாவது தடவை நானே அளந்தேன்.

மறுநாள் விடியலில் கிளம்பும்போது அத்தை என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு சணல் கயிற்றைக் கொடுத்தாள். நடுவில் ஒரு முடிச்சு இருந்தது.

“தரையில இருந்து இந்த முடிச்சு ஒசரத்துக்கு, வண்டிக்குப் பின்னாடி ஒரு படி. இரும்புல. அப்பாகிட்ட சொல்லு.”

“எதுக்கு அத்த?”

“யார் கையையும் புடிக்காம ஏறணும்.”

அத்தைக்கு வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன். கயிற்றை அரைஞாணில் சொருகிக்கொண்டேன்.

ஆலங்காயம் வரை நடந்து, அங்கிருந்து வாணியம்பாடி பஸ் ஏறினோம். மூங்கில் கழி பஸ்ஸுக்குள் நேராகவும் நிற்காமல் குறுக்காகவும் படுக்காமல் மூன்று பேர் தலையைத் தட்டியது. “இன்னாய்யா இது?” என்றார் கண்டக்டர். “அம்மனோட அளவுங்க” என்றார் மாமா. “அம்மனுக்கு டிக்கெட் வேணாம். கழிக்குப் போட்டே ஆவணும்” என்றார் அவர்.

பட்டறை வைத்திருந்த பாய் வெள்ளைத் தாடிக்காரர். எங்கள் வண்டி, வெறும் சட்டமாக, ஒரு வேப்பமரத்தடியில் நின்றது. மாமா தன் ஆசைகளைச் சொல்லச் சொல்ல பாய் தாடியைத் தடவிக்கொண்டே கேட்டார். “ஏம்பா, புளி ஏத்தப் போறியா, மாப்ள ஊர்வலம் வுடப் போறியா?” என்றார். இருந்தாலும் அப்பா அன்றைக்கு எப்படியோ இளகிவிட்டார். காதுக் கண்ணாடிக்குச் சரி என்றார். கலர் விளக்குக்கும் தேக்குப் பலகைக்கும் சரி என்றார். ஹாரனுக்கும் சரி என்றபோது நான் மூங்கில் கழியோடு ஒரு சுற்று ஓடிவந்தேன். கொக்கிக்கு மட்டும் வெகுநேரம் வாதாடி எட்டு என்று முடித்தார்.

அப்புறம்தான் கயிற்றை எடுத்து விஷயத்தைச் சொன்னேன். மாமா விழுந்து விழுந்து சிரித்தார். “பஸ்ஸா இது? மூட்ட தானா படி ஏறியா வரப் போவுது?”

அப்பா சிரிக்கவில்லை. கயிற்றை வாங்கினார். முடிச்சைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “இதே ஒசரம் பாய். போல்ட் வேணாம், வெல்டிங் புடிச்சிடுங்க. எப்பவும் கழறக் கூடாது” என்று சொல்லிக் கொடுத்துவிட்டார். ஒரு கொக்கிக்கு அவ்வளவு நேரம் வாதாடியவர் ஒரு படிக்கு ஒரு வார்த்தைகூட வாதாடவில்லை. கணக்கு எனக்குப் பிடிபடவில்லை.

ஒரு மாதம் கழித்து மறுபடி போனோம். வண்டி தயாராகியிருந்தது. தொட்டியின் குறுக்கே கழியை வைத்துப் பார்த்தபோது பக்கத்துக்கு நான்கு விரல் மிச்சம் இருந்தது. பாய் என் கையில் ஹாரனைக் கொடுத்து அடிக்கச் சொன்னார். அந்தச் சத்தத்தை இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது. வாயால் அடித்துத்தான் காட்ட முடியும்.

மலை ஏறி வந்தோம். அப்பாவுக்கும் மாமாவுக்கும் நடுவில் நான். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றுக்கும் மூன்று ஹாரன் என்று கணக்கு வைத்து அடித்தேன். கடைசி வளைவிலேயே பிள்ளைகள் எதிர்கொண்டு ஓடிவந்தார்கள். வாசலில் ஊரே நின்றது. பூசாரி தட்டோடு நின்றார். மாமா மீசையைத் தடவிக்கொண்டு கியரைப் போட்டு, கற்களை நோக்கி வண்டியை விட்டு, சட்டென்று நிறுத்தினார்.

சக்கரத்துக்கு இடம் இருந்தது. மேலே இல்லை. இரண்டு கற்களும் மேலே போகப் போக உள்பக்கமாகச் சாய்ந்திருந்தன. பிறந்ததிலிருந்து பார்த்த கற்கள். அடியில் ஐந்து தடவை அளந்த எங்கள் ஒருவர் கண்ணிலும் அது படவில்லை.

“இன்னா மாப்ள, நின்னுட்ட?” என்றார் ஊர்க்கவுண்டர்.

“கல்லு சாஞ்சி கீதுங்க” என்றார் மாமா.

“உங்க பாட்டன் காலத்துல இருந்தே சாஞ்சிதான் கீது. நீ இன்னிக்குத்தான் தல நிமுந்து பாக்கற.”

கூட்டம் சிரித்தது. மாமாவின் முகம் புளி தின்ற மாதிரி ஆனது. “கல்லு நகராது. வண்டிய வேணா எளைக்க வையி” என்று முடித்துவிட்டார் கவுண்டர்.

இளைக்க வைத்தோம். முதலில் காதுக் கண்ணாடிகள் கழன்றன. அப்புறம் கலர் விளக்குகள், பன்னிரண்டு. பிறகு தேக்குப் பலகைகள், கொக்கிகள். கழன்றதையெல்லாம் ஆளுக்கொன்றாக வாங்கிக்கொண்டு வாசல் வழியே உள்ளே நடந்தார்கள். பலகையைத் தலையில் வைத்துக்கொண்டு நான்கு பேர், கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு புதுப்பெண், கொக்கிகளை மடியில் கட்டிக்கொண்டு ஒரு கிழவர். எல்லோருக்கும் முன்னால் ஹாரன் அடித்துக்கொண்டு நான். எங்கள் வண்டி ஊருக்குள் துண்டு துண்டாக வந்தது. அதைவிடப் பெரிய ஊர்வலம் எங்கள் ஊரில் அதுவரை நடந்ததில்லை என்று நான் இன்றைக்கும் சாதிப்பேன்.

இறகு பிடுங்கின கோழி போல நின்ற வண்டியை மாமா மெதுவாக உள்ளே விட்டார். முன்சக்கரம் வாசக்கல்லைத் தாண்டியது. பின்சக்கரம் ஏறி இறங்கியது. பெண்கள் குலவையிட வாயெடுத்தார்கள். ‘ணங்’ என்றது. பின்னால் தாழத் தொங்கிய அத்தையின் படி வாசக்கல்லில் இடித்து நின்றது.

பின்னால் எடுத்து மறுபடி விட்டார். மறுபடியும் ‘ணங்’. சக்கரத்துக்கு அடியில் பலகை போடலாம் என்று யாரோ சொன்னார்கள். சக்கரம் வாசக்கல்லைத் தொட்டுத்தான் வர வேண்டும், நடுவில் எதுவும் போடக் கூடாது என்றார் பூசாரி. மாமா இறங்கிவந்து குனிந்து பார்த்தார். “வெல்டிங்தான். சுத்தியால ரெண்டு போட்டா வந்துடும்.”

“படிதான, போனா போவுது” என்றது கூட்டம். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. எல்லோருக்கும் வண்டி உள்ளே வந்தால் போதும். எனக்கும்தான்.

மாமா சுத்தியலை ஓங்கியபோது அத்தை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து படிக்கு முன்னால் நின்றாள்.

“அதும்மேல கை வைக்காத.”

“இன்னா அண்ணி நீங்க? நாளைக்கு வேற படி வச்சிக்கலாம்.”

“நாளைக்கி நாளைக்கின்னு சொன்னது போதும்.” அத்தையின் குரல் அவ்வளவு தூரம் கேட்டு நான் அறிந்ததில்லை. அவள் மாமாவை விட்டுவிட்டு ஊரைப் பார்த்தாள். “அன்னிக்கு நாலு பேரு தூக்குனீங்க இல்ல? இன்னிக்கும் தூக்குங்க.”

முதலில் அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தார். அடுத்து ஊர்க்கவுண்டர், அந்த வயதில். அப்புறம் அவருடைய மூத்த மகனும் எங்கள் பக்கத்து நிலத்துக்காரரும். பக்கத்துக்கு இரண்டு பேராகப் பின்சட்டத்தில் தோள் கொடுத்தார்கள்.

வண்டியின் எடை எனக்குத் தெரியும்; பாயிடம் கேட்டு வைத்திருந்தேன். “நாலு பேரு பத்தாது” என்று உரக்கச் சொன்னேன். வழக்கமாக நான் கணக்குச் சொன்னால் யாராவது சிரிப்பார்கள். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

வண்டி அசையவில்லை. மாமா சுத்தியலைக் கீழே போட்டுவிட்டுத் தானும் தோளைக் கொடுத்தார். அதற்குப் பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். பதினேழு பேர் ஆனபோது பின்பக்கம் மூன்று விரல் எழும்பியது. மற்றவர்கள் தள்ளினார்கள். படி வாசக்கல்லில் உரசாமல் தாண்டியது. அப்போது எழுந்த குலவையில் என் ஹாரன் எனக்கே கேட்கவில்லை.

அந்த நாலு பேர் யார் என்று பல வருடம் கழித்து அம்மா சொன்னாள். எனக்கு மூன்று வயதாக இருக்கும்போது ஒரு மழை நாளில் அத்தைக்குப் பிரசவ வலி கண்டிருக்கிறது. ஊரில் ஆண்கள் பாதிப் பேர் வெளியூர்த் திருவிழாவுக்குப் போயிருந்தார்களாம். மழை விடட்டும், நாளைக்குப் பார்க்கலாம் என்று ஒரு நாள் போனதாம். அதற்குப் பிறகுதான் கம்பளியைக் கழியில் தூளியாகக் கட்டி அந்த நான்கு பேர் தோளில் சுமந்து மலை இறங்கினார்கள். ஆலங்காயம் ஆஸ்பத்திரியிலிருந்து அத்தை மட்டும் திரும்பி வந்தாள்.

இது எதுவும் தெரியாத ஒன்பது வயதில், அன்று சாயங்காலம், நான் எங்கள் வீட்டு வாசலில் நின்ற வண்டியை ஒரு சுற்று சுற்றி, மாட்டியது எத்தனை, மாட்ட வேண்டியது எத்தனை என்று சரிபார்த்துக்கொண்டிருந்தேன். மாமா ஒரு பக்கத்துப் பலகைகளை மட்டும் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார். அத்தை வண்டிக்குப் பின்னால் வந்தாள். எதையும் பிடிக்காமல் படியில் கால் வைத்து ஏறித் தொட்டியில் நின்றாள். இறங்கினாள். மறுபடியும் ஏறினாள்.

“எங்க அத்த போற?” என்று கேட்டேன்.

“ஆலங்காயம்.”

எனக்குச் சிரிப்பாக இருந்தது. வண்டி நின்றுகொண்டிருக்கிறது, சாவி மாமா இடுப்பில் இருக்கிறது, பலகைகூட இன்னும் மூன்று பக்கத்துக்குப் பாக்கி என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னேன். அத்தை, “அப்படியா, அப்படியா” என்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, இறங்கி, இன்னொரு தடவை ஏறினாள்.