நூலகப் பிரதியில் ஒரு பென்சில் குறிப்பு

லண்டனில் அமெரிக்க ஜனாதிபதிகளின் வரலாற்றை ஆராய்ந்த தமிழர்கள், எனக்குத் தெரிந்து, இரண்டே பேர். நானும், என்னைவிட ஐந்து வயது இளைய அவனும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவனுடைய புத்தகம் வெளிவந்தது. என்னுடையது பன்னிரண்டு வருடமாக மேசை இழுப்பறையில் கிடந்தது. தேர்தல் நேரத்தில் அவனைத் தொலைக்காட்சிக்குக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்டார்கள். என் மனைவி சத்தத்தைக் கூட்டி வைத்தாள். எனக்கு வயிறு எரிந்தது.

அவனுடைய புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்க மனம் வரவில்லை. பல்கலைக்கழக நூலகத்தில் எடுத்து, அடிக்குறிப்புகளைத்தான் முதலில் படித்தேன். எங்கள் தொழிலில் ஒருவனை விழுத்த அதுதான் இடம். மூன்றாம் நாள் அகப்பட்டது. ஒரு ஜனாதிபதியின் கடிதத்துக்கு ஆண்டைத் தவறாகக் கொடுத்திருந்தான். சந்தோஷத்தோடு ஓரத்தில் பென்சிலால் ‘பிழை’ என்று தமிழிலேயே எழுதி, சரியான ஆண்டையும் போட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

அடுத்த வருடம் லண்டனின் ரெய்னர்ஸ் லேன் பகுதியில் ஒரு மரக்கறிக் கடையில் அவனைக் கண்டேன். முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தான்.

“அண்ணை, இரண்டாம் பதிப்பு வருது. அந்த வருசத்தைத் திருத்திப் போட்டன். முன்னுரையில உங்களுக்கு நன்றியும் சொல்லியிருக்கிறன்.”

“எந்த வருசம்?” என்றேன்.

“லைப்ரரிப் பிரதியை நானும் எடுத்துப் பாத்தனான். அங்க வேற ஆர் அண்ணை தமிழில எழுதப்போகினம்?”

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பில் கேலி துளியும் இல்லை. அதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.