குடியிருப்பவர் வெளியே போயிருக்கிறார்

காரைக்குடி செக்காலை ரோட்டில் வீட்டுப் புரோக்கர் என்று சொல்லிக்கொண்டு திரிந்தவர்களில் மலையாண்டி ஒருவனை மட்டும் எனக்கு ஆகவே ஆகாது. மற்றவர்கள் பொய் சொல்வார்கள், வந்த ஆளைத் தட்டிப் பறிப்பார்கள், டீக்கடையில் என் கணக்கில் வடை தின்பார்கள். அதெல்லாம் தொழிலில் சகஜம். மலையாண்டி அதில் எதையும் செய்ய மாட்டான். கமிஷனைக் குறைத்து வாங்குவான். இதைவிடப் பெரிய அக்கிரமம் உண்டா?

நாங்கள் எல்லோரும் விற்பவரிடம் இரண்டு சதவீதம், வாங்குபவரிடம் இரண்டு சதவீதம் என்று கட்டுப்பாடாக இருந்தோம். இவன் விற்பவரிடம் மட்டும் அரை சதவீதம் வாங்கிக்கொண்டு, வாங்குபவருக்குத் தன் காசில் டீயும் வாங்கிக் கொடுப்பான். "ஏன்யா எங்க வயித்துல அடிக்கிற?" என்று நேரிலேயே கேட்டுவிட்டேன்.

"கதவைத் தொறந்து காட்டுறதுக்கு எம்புட்டுண்ணே வாங்குறது? அந்தக் கதவைச் செஞ்சவனுக்கே அம்புட்டுக் கூலி குடுத்திருக்க மாட்டாக" என்றான்.

அவன் தச்சு வேலைக் குடும்பம். சொந்த ஊர் நாச்சியாபுரம். ஆனால் உளி அவன் கையில் நிற்கவில்லை. அவன் செய்த ஸ்டூல் ஒன்று டீக்கடையில் கிடந்தது. அதில் உட்காருகிறவர் டீயைக் குடித்து முடிக்கிறவரை ஒரு காலைத் தரையில் அழுத்தி ஊன்றிக்கொண்டே இருக்க வேண்டும். கதவு சரிசெய்யப் போன இடங்களில், கதவைப் பார்த்ததைவிட அந்த வீடு விலைக்கு வருமா, வாடகைக்கு வருமா என்று பேசியதுதான் அதிகம். அப்படியே புரோக்கர் ஆகிவிட்டான். ஒரு சைக்கிள், ஒரு குடை, சட்டைப் பையில் எப்போதும் ஒரு பிடி குருணை. குருணை அவன் மனைவி ராமுத்தாயின் கோழிகளுக்கு.

இந்தத் தொழிலில் தலைவலியே வாடகைக்குக் குடியிருப்பவர்கள்தான். வாங்க வருகிறவர் சுவரைப் பார்ப்பதற்கு முன்னால், "இருக்கவக காலி பண்ணுவாகளா?" என்றுதான் கேட்பார். நாங்கள் "பேசிக்கிருவோம்" என்று இழுப்போம். மலையாண்டி மட்டும் நெஞ்சில் கை வைத்து, "பண்ணுவாக. அதுக்கு நான் பொறுப்பு" என்பான். சொன்னபடி செய்தும் காட்டுவான். குடியிருப்பவருக்கு வேறு வீடு தேடிப் பிடித்து, சட்டி பானையை வண்டியில் தானே ஏற்றி, புது வீட்டில் இறக்கி வைத்துவிட்டுத்தான் வருவான். அதற்குத் தனியாகக் கமிஷனும் கிடையாது. பைத்தியக்காரன்.

ஆனால் ஊருக்கெல்லாம் வீடு பார்த்துக் கொடுத்த அவனுக்கு வீடு கொடுக்க ஆளில்லை. புரோக்கரைக் குடிவைக்க எந்த வீட்டுக்காரருக்கும் மனசு வராது. சட்டம் தெரிந்தவன், கிளப்ப முடியாது, நாளைக்கு நம் வீட்டையே விலை பேசிவிடுவான் என்று பயம். போதாததற்குக் கோழிகள் வேறு. மலையாண்டி தச்சனாக இருந்த காலத்தில் மரிய அந்தோணி வாத்தியார் அடுத்த தெருவில் இருந்த தன் ஓட்டு வீட்டை அவனுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். அந்த ஒரு வீட்டில்தான் அவன் பிழைப்பு ஓடியது.

தொண்ணூற்றாறில் வாத்தியார் ஓய்வு பெற்றார். மகன் அருள் பிரகாஷ் கோயம்புத்தூரில் வேலை பார்த்தான். அப்பாவையும் அம்மாவையும் அங்கே கூப்பிட்டுக்கொள்ள நினைத்தான். வாத்தியார் ஒருநாள் டீக்கடைக்கே மலையாண்டியைத் தேடி வந்தார். நான் பக்கத்து பெஞ்சில் இருந்தேன்.

"மலையாண்டி, நாலு பேர்ட்ட விசாரிச்சேன். ஒங்களவுக்குக் கம்மியா யாருமே வாங்கலயாமே?"

"அரைதான் சார்" என்று அவன் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"அப்ப நம்ம வீட்டையும் நீங்களே முடிச்சுக் குடுத்துருங்க."

"அதுக்கென்ன சார், முடிச்சிருவோம். எந்த வீடு?"

"நீங்க இருக்கிற வீடுதான்."

எனக்குச் சிரிப்பில் டீ புரையேறிவிட்டது. வாத்தியார் பாவம், அவர் மேல் தப்பில்லை. குடியிருப்பவனுக்கு ஒரு சம்பாத்தியமும் ஆயிற்று என்றுதான் நினைத்திருப்பார். அவர் போன பிறகு, "முடியாதுன்னு சொல்றதுக்கென்ன?" என்றேன்.

"எப்புடிண்ணே சொல்றது? நான் இல்லைன்னா அடுத்து ஒங்கள்ட்டத்தான் வருவாக. நீங்க ரெண்டு வாங்குவீக. சாருக்கு நட்டமில்லையா?"

இந்த மனிதனிடம் என்ன பேசுவது?

மதியம் சாப்பாட்டின்போது அவன் விஷயத்தைச் சொன்னதும் ராமுத்தாய் கேட்டது தெருமுனை வரை கேட்டது. "நம்ம இருக்கிற வீட்டை நாமளே வித்துப்புட்டு, வந்த காசுல வண்டி பிடிச்சு நடுத்தெருவுக்குப் போவமா?" அன்றிலிருந்து வீட்டுக்குள் போர்தான். முதலில் ஒரு சைவக் குடும்பம் பார்க்க வந்தது. ராமுத்தாய் அடுப்பில் நெத்திலிக் கருவாட்டைப் போட்டுப் புகையவிட்டாள். அவர்கள் சமையலறையைப் பார்க்காமலே மூக்கைப் பொத்திக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டார்கள். அடுத்து வந்த பேங்க் குமாஸ்தா, "தண்ணி எப்படிம்மா?" என்று கேட்டார். "தங்கமான தண்ணிங்க, வந்தா" என்றாள். அவரும் போய்விட்டார்.

மூன்றாவதாகக் கல்லலில் எண்ணெய் மில் வைத்திருக்கும் உடையப்பன் வந்தார். மகனுக்குக் காரைக்குடிக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது, வீடு உடனே வேண்டும். இந்த முறை மலையாண்டி, தான் அங்கே குடியிருப்பதையே சொல்லவில்லை. "நான்தான் குடியிருக்கேன்னு சொன்னா, பொஞ்சாதியையே சம்மதிக்க வைக்க முடியாதவன் வீட்டை எப்புடி முடிச்சுத் தருவான்னு கேக்க மாட்டாகளாண்ணே?" என்று பிற்பாடு எனக்கு விளக்கம் சொன்னான்.

அவன் எப்படி வீட்டைக் காட்டப் போகிறான் என்று பார்க்க நான் எதிர்ப் பெட்டிக்கடையில் போய் நின்றுகொண்டேன். மலையாண்டி தன் வீட்டுக் கதவைத் தானே தட்டினான்.

"வீட்ல ஆளு இருக்காகளா?"

ராமுத்தாய் கதவைத் திறந்தாள். புருஷனை மேலும் கீழும் பார்த்தாள். அவள் போட்டுக் கொடுத்துவிடுவாள் என்று நினைத்தேன். அவள் அதைவிடக் கெட்டிக்காரி.

"யாரு நீங்க?"

"வீடு பாக்க வந்திருக்கோம்மா. ஒங்க வீட்டுக்காரரு இருக்காரா?"

"வெளிய போயிருக்காரு."

உடையப்பன் முன்னால் வந்து, "காலி பண்ணச் சொன்னாப் பண்ணுவாரா?" என்று கேட்டார்.

"அவரா? கோர்ட்டு கச்சேரி வரைக்கும் போவாரு. ரொம்ப மோசமான ஆளு. ஒரு சொல்லுல நிக்க மாட்டாரு. பொஞ்சாதி எங்க கெடந்தா என்னன்னு நெனைக்கிற ஜென்மம்."

"அப்புடி ஒண்ணும் இல்ல முதலாளி" என்றான் மலையாண்டி, முகம் சிவந்து. "தங்கமான மனுஷன்னுதான் கேள்வி."

"நீங்க அவரோட குடும்பம் நடத்திப் பாத்தீகளா?" என்றாள் ராமுத்தாய்.

"அவரு பேரு என்னம்மா?" என்றார் உடையப்பன்.

அங்கேதான் அவள் மாட்டிக்கொண்டாள். அந்தப் பெயரைச் சொன்னால் வியாபாரம் அந்த இடத்திலேயே முறிந்துவிடும். ஆனால் ராமுத்தாய் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து புருஷன் பெயரை உச்சரித்தவள் இல்லை. உதட்டைக் கடித்தாள். "பழனியில நிக்கிறவரு பேருதான்" என்றாள் வேண்டாவெறுப்பாக.

"பழனிச்சாமியா?"

"பழனிச்சாமியேதான்" என்று மலையாண்டி அவசரமாக முடித்துவைத்தான்.

அந்த நேரம் பார்த்துச் சேவல் ஒன்று ஓடிவந்து அவன் காலடியில் நின்றது. சட்டைப் பையை அண்ணாந்து பார்த்துக் கொக்கரித்தது. உடையப்பனுக்கு ஆச்சரியம். "கோழி என்ன ஒங்கள்ட்ட இப்புடி ஒட்டுது?"

"வாயில்லா ஜீவன் முதலாளி, ஆள் பாக்காது."

வீடு உடையப்பனுக்குப் பிடித்துவிட்டது. விலையும் படிந்தது. ஆனால் அந்தப் பழனிச்சாமி தன் வாயால் காலி பண்ணுகிறேன் என்று சொன்னால்தான் அட்வான்ஸ் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வியாழக்கிழமை வருவதாகச் சொல்லிப் பஸ் ஏறினார்.

மறுநாள் மலையாண்டி என்னிடம் வந்து நின்றான். "அண்ணே, நீங்க ஒரு பத்து நிமிஷம் எங்க வீட்ல குடியிருக்கணும்."

முதலில் விரட்டத்தான் நினைத்தேன். கமிஷனில் பாதி தருகிறேன் என்றான். பாதிக் கமிஷன் என்பது அவன் ரேட்டில் வெற்றிலைச் செலவுக்குக் காணாது. ஆனால் ஒன்று யோசித்தேன். இந்த வீடு கைமாறினால் அவனுக்கு வேறு வீடு கிடைக்கப் போவதில்லை. மூட்டையைக் கட்டிக்கொண்டு நாச்சியாபுரம் போக வேண்டியதுதான். செக்காலையில் மறுபடியும் இரண்டு சதவீதம் தழைக்கும். சரி என்றேன்.

வியாழக்கிழமை மலையாண்டியின் கைலியைக் கட்டிக்கொண்டு, அவன் செய்த நாற்காலியில், ஒரு காலை அழுத்தி ஊன்றியபடி பழனிச்சாமியாக உட்கார்ந்திருந்தேன். ராமுத்தாய் சமையலறை வாசலில் நின்று என்னை எரித்துவிடுவதுபோல் பார்த்தாள். உடையப்பனை அழைத்துக்கொண்டு மலையாண்டி வந்தான். சேவல் என்னைச் சட்டையே செய்யாமல் நேரே அவனிடம் போனது.

"நீங்கதான் பழனிச்சாமியா? காலி பண்ணிருவீகளா?"

"பண்ணிருவேன் முதலாளி. ஒரே மாசம்."

"எங்க போவீக?" என்றாள் ராமுத்தாய்.

இந்தக் கேள்வி எங்கள் ஒத்திகையில் கிடையாது. "எங்குட்டாவது போவோம்" என்று சிரித்து மழுப்பினேன்.

"எங்குட்டாவதுன்னா எங்குட்டு? கேக்குறேன்ல, சொல்லுங்க. செக்காலையில ஒரு புரோக்கருக்கு வீடு குடுக்குற மகராசன் யாரு? நீங்க குடுப்பீகளாண்ணே, ஒங்க வீட்ல?"

அவள் குரல் உடைந்துவிட்டது. எனக்கு உள்ளபடியே வெட்கமாக இருந்தது. ஊன்றிய காலை அசைத்துவிட்டேன். நாற்காலி ஒரு பக்கம் சாய்ந்து நான் கைலியோடு தரையில் உட்கார்ந்தேன்.

"அண்ணனா? புரோக்கரா?" என்று உடையப்பன் விழித்தார்.

மலையாண்டி குடையைச் சுவரில் சாத்தினான். "மன்னிக்கணும் முதலாளி. இங்க குடியிருக்கவன் நான்தான். இவுக என் வீட்டுக்காரி. அவரு நாகநாதண்ணன், அவரும் புரோக்கர்தான்."

உடையப்பன் கோபப்படுவார் என்று பார்த்தேன். அவர் சேவலைப் பார்த்தார். "இது அன்னைக்கே சொல்லுச்சு. நான்தான் கேக்கல" என்றார். பிறகு, "சரி, அந்த மோசமான ஆளு நீருதானா? காலி பண்ணுவீரா, மாட்டீரா?"

மலையாண்டி மனைவியை ஒருமுறை பார்த்தான். நெஞ்சில் கை வைத்தான். "பண்ணுவான் முதலாளி. அதுக்கு நான் பொறுப்பு."

ராமுத்தாய் உள்ளே போய்விட்டாள். சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

கிரயம் நல்லபடியாக முடிந்தது. வாத்தியாருக்கு ஏகத் திருப்தி. மலையாண்டி தனக்காக வீடு தேட ஆரம்பித்தான். யாரிடம் கேட்டாலும், "ஒங்களுக்கு இல்லாத வீடா மலையாண்டி" என்பார்கள். மறுநாள் போனால் மகள் பிரசவத்துக்கு வருகிறாள் என்பார்கள். மகளே இல்லாத ஒருவரும் அப்படித்தான் சொன்னார். மலையாண்டி எங்களில் ஒரு புரோக்கரையும் விடாமல் வீடு பார்க்கச் சொல்லி வைத்திருந்தான். கடைசியில் நாச்சியாபுரத்துக்கு வண்டி பேசிவிட்டான். அன்று இருவரும் டீக்கடைக்கு வந்தார்கள். ராமுத்தாயின் கையில் கோழிக்கூடை.

"அண்ணே, ஒங்க பாதி" என்று மலையாண்டி என் கையில் பணத்தை வைத்தான்.

"நான்தான் கவுத்துவிட்டேனே?"

"கீழ விழுந்தது சரிதான். ஆனாலும் பேசுன பேச்சு, பேசுனதுதான."

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இவன் ஊரைவிட்டுப் போக வேண்டும் என்று நேர்த்திக்கடன் மட்டும்தான் நான் வைக்கவில்லை. இப்போது போகிறான். பாதி டீயிலேயே எழுந்துவிட்டேன்.

"யோவ், ஒரு வீடு இருக்கு" என்றேன். "பெரிய வீட்டுக்குப் பின்கட்டு. தனி வாசல். பழைய கதவு சன்னலெல்லாம் போட்டுப் பூட்டி வச்சிருக்கு. அதை ஒழிச்சுக் குடுக்கணும். கமிஷன் ஒரு மாச வாடகை. என் ரேட்டு அதுதான்."

"அரை மாசம்தான் தருவோம்" என்றாள் ராமுத்தாய் பட்டென்று.

"நீ சும்மா இரு. தொழில்ல ஒருத்தர் ரேட்டைக் குறைக்கக் கூடாது" என்றான் மலையாண்டி. இதைச் சொல்ல அவனுக்கு வாய் கூசவில்லை.

ராமுத்தாய் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். புரிந்துவிட்டது அவளுக்கு. சிரிப்பை அடக்கிக்கொண்டு கூடையை இடுப்பில் ஏற்றி வைத்தாள்.

"வீட்டுக்காரரு எப்புடிண்ணே? கோழி வளக்க விடுவாரா? நல்லா விசாரிச்சீகளா?"

"வெளிய போயிருக்காரு" என்றேன். "கொஞ்சம் மோசமான ஆளுதான். ஆனா விடுவான். அதுக்கு நான் பொறுப்பு."