பல்பு வைத்த பேஸ் கிட்டார்

என் அண்ணன் கையில் ஒரு சாமான் கிடைத்தால் அது வாங்கின கோலத்தில் ஒரு வாரம் இருக்காது. சைக்கிளுக்கு இரண்டு பெல், ரேடியோவுக்கு மூன்றாவதாக ஒரு குமிழ், சுவர்க் கடிகாரத்துக்குச் சிவப்பு லைட். எழுபதுகளின் கடைசியில் ஏற்காட்டுப் பள்ளி ஒன்றில் பாட்டு சொல்லிக்கொடுத்த வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பும்போது தன் பழைய பேஸ் கிட்டாரை அண்ணனிடம் கொடுத்துவிட்டுப் போனார். அப்போதே அதற்கு இருபது வயது இருக்கும். நடுவில் தேன் நிறமும் ஓரத்தில் கருப்புமாக, பார்க்க லட்சணமாக இருந்தது. லட்சணமாக இருந்தால் அண்ணனுக்குப் பிடிக்குமா?

முதலில் அதற்கு எஸ்டேட் கேட்டுக்கு அடித்து மிச்சமிருந்த பச்சை எனாமலை அடித்தான். கம்பியை முறுக்கும் சாவிகளில் ஒன்று உடைந்தபோது அண்ணியின் அலுமினியக் கரண்டிக் காம்பை வெட்டி அந்த இடத்தில் ஆணியடித்தான். குமிழெல்லாம் பழைய வால்வு ரேடியோவிலிருந்து வந்தது. கம்பி மழுங்கிப்போனால் மெட்ராஸுக்குப் போய்த்தான் புதுசு வாங்க வேண்டும். அதனால் பழைய கம்பியைக் கழற்றி வெந்நீரில் கொதிக்கவைத்துத் திரும்ப மாட்டுவான், அதுவும் ரசம் வைக்கிற சட்டியில். அண்ணி கத்துவார். அடுத்த தடவை அவரே அடுப்பில் வைத்துக் கொடுப்பார்.

அண்ணன் சேலத்து மெல்லிசைக் குழு ஒன்றில் வாசித்தான். எனக்கு ஏற்காடு பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் மைக் செட் கடை. மலை மேல் எங்கே கச்சேரி நடந்தாலும் அவன் கிட்டார் ஒயர் என் ஆம்ப்ளிஃபயரில்தான் வந்து சேரும்.

கடைசியாக அவன் செய்த கூத்துதான் பல்பு. கிட்டாரின் விளிம்பில் வரிசையாகப் பன்னிரண்டு சின்ன பல்புகளைப் பதித்து, கலர் காகிதம் ஒட்டி, மினுக்கவிட்டான். கூட்டம் பாட்டைக் கேட்டதோ இல்லையோ, பல்பைப் பார்த்தது. பல்புக்குக் கரண்ட், சுவர்க் கரண்டைக் குறைத்துக் கொடுக்க அவனே பிரித்துச் சேர்த்த ஒரு எலிமினேட்டரிலிருந்து தனி ஒயரில் வந்தது. அந்த ஒயரைக் கிட்டார் ஒயரோடு சேர்த்து நீளத்துக்கும் கருப்பு டேப் சுற்றிவைத்திருந்தான். ஒரு நாள் வெள்ளக்கடை கிராமத்தில் அண்ணன் வீட்டில், அவனுடைய ஐந்து வயது மகள் பல்பைத் தொட்டுப் பார்த்து, சுருக்கென்று கையை உதறிக்கொண்டு அழுதாள். அண்ணி அன்றைக்கு விடவில்லை. இனிமேல் இந்தப் பல்புக்குக் கரண்ட் கொடுக்க மாட்டேன் என்று அண்ணனைப் பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் செய்யவைத்தார். நானும் அங்கேதான் இருந்தேன். அண்ணன் சிரித்துக்கொண்டே அடித்தான்.

பிள்ளை தலையில் அடித்த சத்தியம் பொய்யானால் அந்தப் பிள்ளைக்கு ஆகாது என்பது எங்கள் பக்கத்தில் யாரும் வாதாடாத விஷயம்.

அதற்கு இரண்டு மாதம் கழித்து, நாகலூரிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு சின்ன ஊரில் கோயில் நோன்பித் திருவிழா. மத்தியானம் மழை பெய்து விட்டிருந்தது. கோயிலுக்கு நேர் எதிரே தரையிலேயே கச்சேரி. எல்லைக்குள் செருப்பு கூடாது. மேடையில் எப்போதும் ரப்பர் ஷூ போடுகிற அண்ணன் அன்றைக்கு வெறுங்காலோடு ஈரத்தில் நின்றான். பல்பு மினுக்கிக்கொண்டிருந்தது. நாலு மணி இருக்கும், ஸ்பீக்கரில் கொர்ரென்று ஒரு இரைச்சல்.

மைக் செட்காரன் எவனும் இரைச்சல் வந்தால் முதலில் செய்வது ஒன்றுதான். ஆம்ப்ளிஃபயரின் இரண்டு பின் பிளக்கைப் பிடுங்கித் திருப்பிச் சொருகுவான். பல நேரம் இரைச்சல் நின்றுவிடும். ஆனால் அப்படித் திருப்பும்போது சில சமயம் ஆம்ப்ளிஃபயரின் தகரப் பெட்டியிலேயே கரண்ட் ஏறிவிடும். பெட்டியில் ஏறினால் ஒயர் வழியாகக் கிட்டார் கம்பிக்கும் போகும். அதனால் திருப்பின கையோடு பெட்டியில் டெஸ்டரை வைத்து, அதன் குட்டி விளக்கு எரிகிறதா என்று பார்க்க வேண்டும். நான் பின்னைத் திருப்பினேன். இரைச்சல் நின்றது. பாட்டுக்காரர் ஆரம்பித்துவிட்டார். டெஸ்டர் என் சட்டைப் பையில்தான் இருந்தது. எடுக்கவில்லை.

பாட்டு தொடங்கியபோது கம்பியிலிருந்து கையை எடுத்திருந்த அண்ணன், தன் முறை வந்ததும் கம்பியைத் தொட்டான். விழுந்தான். நான் கையில் அகப்பட்ட பிளக்கையெல்லாம் பிடுங்கி எறிந்தேன். எது சொருகியிருந்தது, எது சும்மா கிடந்தது என்று பார்க்கவில்லை. நாகலூர் வருவதற்குள் ஜீப்பிலேயே முடிந்துவிட்டது.

எல்லோரும் பல்பைத்தான் சொன்னார்கள். "இத்தன ஓட்டையப் போட்டு லைட்டு கட்டுனா கரண்ட் அடிக்காம என்னங்க பண்ணும்?" என்று ஊர்க்காரர் ஒருவர் சொன்னபோது சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். பின்னைத் திருப்பியதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சுடுகாட்டில் எனக்கு அழுகை வரவில்லை. குழாய் ஸ்பீக்கர் இரண்டும் மழையில் கிடக்குமே என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது எனக்கே அசிங்கமாக இருந்தது, அந்த அசிங்கமும் எங்கோ தூரத்தில் இருந்தது. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் கடையைத் திறந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு எனக்கு எதுவும் பெரிதாகப் பட்டதில்லை. கல்யாண வீட்டுக்கும் மைக் கட்டினேன், இழவு வீட்டுக்கும் கட்டினேன், இரண்டும் ஒன்றுதான். கடைப் பையன்கள் என் முதுகுக்குப் பின்னால் மரக்கட்டை என்பார்கள். ஒன்று மட்டும் மாறியது. எதைச் சொருகினாலும் டெஸ்டர் வைத்துப் பார்த்தேன். அடுத்தவர் வீட்டு இஸ்திரிப் பெட்டியைக்கூடப் பார்த்தேன். சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

அண்ணி அப்படி மரத்துப்போகவில்லை. அவர் அண்ணனைத் திட்டினார். செத்தவனைத் திட்டக் கூடாது என்று யார் சொன்னாலும் கேட்கவில்லை. மகளுக்குக் காய்ச்சல் வந்தால் போட்டோவுக்கு முன்னால் நின்று, "புள்ள தலையில பொய்ச் சத்தியம் அடிச்சுட்டுப் போயிட்டயே, பாவி" என்பார். சளி பிடித்தாலும் பயம், பஸ் தாமதமானாலும் பயம். மலை மேல் சேர்வராயன் கோயிலுக்கு வருஷம் தவறாமல் மகளைக் கூட்டிக்கொண்டு போய் வேண்டிக்கொண்டு வருவார். பதினோரு வருஷம் இப்படியே போனது. கிட்டார் பரணில் சாக்குச் சுற்றிக் கிடந்தது. நான் அதைத் தொடவில்லை. பிரிக்காதவரை குற்றம் அதன் மேலேயே இருந்தது, எனக்கு அது வசதியாக இருந்தது.

மகளுக்குப் பதினாறு ஆனபோது பள்ளிக்கூடத்தில் கிட்டார் வாசிக்கப் பழகியிருந்தாள். அப்பாவுடையது வேண்டும் என்றாள். "வெள்ளக்காரரு குடுத்தப்ப எப்படி இருந்துச்சோ அப்படியே பண்ணித் தாங்க சித்தப்பா" என்றாள். அண்ணி, "அந்த லைட்டு எளவயெல்லாம் புடுங்கி எறிஞ்சுபோட்டுக் குடுக்கறதுன்னாக் குடுங்க தம்பி" என்றார். முடியாது என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

கடையின் பின்னறையில் வேலையைத் தொடங்கினேன். பச்சை எனாமலை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே மூன்று வாரம் ஆனது. அடியில் அந்தத் தேன் நிறம் அங்கங்கே பிழைத்திருந்தது. பல்புகளைப் பிடுங்கிவிட்டு, பன்னிரண்டு ஓட்டைக்கும் மரச்சீவலைத் திணித்துப் பசை வைத்து அடைத்தேன். கரண்டிக் காம்பைக் கழற்றிவிட்டு பெங்களூரிலிருந்து ஒரு பழைய சாவியை வரவழைத்து மாட்டினேன். கார்த்திகை மாத மூடுபனியில் வார்னிஷ் காயாமல் விரலில் ஒட்டியது. நூறு வாட்ஸ் பல்பைக் கட்டித் தொங்கவிட்டுக் காயவைத்தேன். வேலை நன்றாகத்தான் வந்தது. செய்கிறபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, அடுத்தவர் ரேடியோவைப் பிரிப்பது போலத்தான் இருந்தது.

பின்பக்கத்தில் எட்டு திருகாணி போட்ட ஒரு தகடு இருந்தது. அதைக் கடைசிக்கென்று தள்ளிப்போட்டேன். அப்புறம் ஒரு திங்கட்கிழமை காலையில், டீ குடித்த கையோடு பிரித்தேன்.

உள்ளே உளியால் ஒரு குழி தோண்டியிருந்தான். அதில் நாலு டார்ச் செல் வரிசையாக இருந்தது. வெள்ளை வெள்ளையாகப் பூத்து, தகட்டோடு ஒட்டிப்போயிருந்தது. பல்புக்குப் போன ஒயர் அந்த செல்லிலிருந்துதான் கிளம்பியது. எலிமினேட்டரிலிருந்து வந்த பழைய ஒயர் உள்ளே ஒரு விரல் நீளத்தில் வெட்டப்பட்டு, முனையில் டேப் சுற்றி, ஓரமாக மடித்துவைக்கப்பட்டிருந்தது. வெளியே அது கிட்டார் ஒயரோடு டேப்பில் சுற்றியிருந்ததால் பிரிக்கச் சோம்பல்பட்டு விட்டுவிட்டான். அவ்வளவுதான். அன்றைக்குப் பல்பு எரிந்தது செல்லில். சத்தியத்தை அவன் காப்பாற்றியிருந்தான்.

அப்படியென்றால் கம்பிக்குக் கரண்ட் வர ஒரே வழிதான் மிச்சம். அந்த வழி என் ஆம்ப்ளிஃபயரில் முடிந்தது.

நான் தகட்டை மூடிவிட்டு, கடையில் ஒரு ஸ்பீக்கருக்குப் பேப்பர் ஒட்டினேன். மத்தியானம் சாப்பிட்டேன். நல்ல பசி. நாலு நாள் இப்படியே இருந்தேன். சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது, செல்லைத் தூக்கிக் குப்பையில் போட்டால் தீர்ந்தது. அண்ணி மட்டும் சாகிறவரை மகள் தலையைத் தடவித் தடவிப் பயந்துகொண்டிருப்பார். செல்லை மட்டும் காட்டிவிட்டுப் பின்னைப் பற்றி வாய் திறக்காமல் இருந்துவிடலாம் என்றும் நினைத்தேன். அதுதான் நல்ல யோசனையாகப் பட்டது. அந்த யோசனையோடுதான் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை கிட்டாரையும் பழைய கம்பியையும், ஒரு டிபன் டப்பாவில் நாலு செல்லையும் எடுத்துக்கொண்டு மொபெட்டில் வெள்ளக்கடைக்குப் போனேன். கம்பியைப் பார்த்ததும் அண்ணி, "இங்க குடுங்க, நானே வேவ வெக்கறேன்" என்று வாங்கிக்கொண்டார். பரணிலிருந்து அந்தப் பழைய ரசச் சட்டியையே எடுத்தார். மகள் முன்னறையில் கிட்டாரை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள். தண்ணீர் கொதிக்கத் தொடங்கியபோது நான் டப்பாவைத் திறந்து அடுப்புத் திட்டில் வைத்தேன்.

"ஏனுங்க தம்பி, இது என்னங்க?"

"கிட்டாருக்குள்ள இருந்துச்சுங்க அண்ணி. அண்ணன் பல்புக்கு பேட்டரிக் கட்டைய மாத்தி வெச்சிருக்குதுங்க. கரண்ட் ஒயர வெட்டி உட்டுருக்குது. சத்தியத்த மீறலீங்க."

அண்ணி செல்லைத் தொடாமல் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு நான் வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டு வந்த கேள்வி வந்தது.

"அப்பறம் கரண்ட் எங்கிருந்து வந்துச்சுங்க?"

நான் சொன்னேன். பின்னைத் திருப்பியதை, டெஸ்டர் பையிலேயே இருந்ததை, அன்றைக்குத் தலையாட்டியதை, எல்லாவற்றையும் சொன்னேன். யாரோ ஒருத்தருக்கு நடந்ததைப் போலத்தான் என் குரல் இருந்தது. "அண்ணனத் திட்டுனது போதுமுங்க, இனி என்னை வையுங்க அண்ணி" என்றேன்.

அவர் இடுக்கியால் கம்பியைப் புரட்டிவிட்டார். கை நிதானமாகத்தான் இருந்தது.

"பதனோரு வருசமா அந்த மனுசன வஞ்சு வஞ்சு வாயே ஓஞ்சுபோச்சுங்க தம்பி. ஒரு நாளு கூட உடலீங்க. இனி யாரப் போயி வெய்யறதுங்க?"

நாலு செல்லையும் எடுத்துக்கொண்டு போட்டோ இருந்த அறைக்குள் போனார். அங்கே அவர் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. வரும்போது வழியில் மகளின் தலையில் ஒரு தடவை கை வைத்துவிட்டு வந்தார். அவள் ஏன் என்று கேட்டாள். சும்மா என்றார்.

கம்பியைத் துடைத்து, எண்ணெய் தொட்டு, மாட்டினேன். கொண்டுபோயிருந்த சின்ன ஆம்ப்ளிஃபயரைச் சுவர் பிளக்கில் சொருகி, பெட்டியில் டெஸ்டர் வைத்துப் பார்த்தேன். விளக்கு எரியவில்லை. மகள் ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டு, "சொருகட்டுங்களா சித்தப்பா?" என்றாள்.

அடுப்படியிலிருந்து அண்ணியின் குரல் வந்தது. "தம்பி, டெஸ்டர வெச்சுப் பாத்தீங்களா?"

"பாத்துட்டேனுங்க அண்ணி."

"இன்னொருக்காப் பாத்துருங்க."

பார்த்தேன். எரியவில்லை. எரியவில்லை என்று கண்ணுக்குத் தெரிந்தது, ஆனாலும் டெஸ்டரைப் பெட்டியிலிருந்து எடுக்க எனக்குக் கை வரவில்லை. எடுக்காமலே தகரத்தில் ஒவ்வொரு மூலையாக நகர்த்திப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மகள் ஒயரைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.