திமிங்கிலம் பார்க்கப் போன வாரம்

எங்கள் மகள் தாய்ப்பாலை மறக்க வேண்டும் என்பதற்காகத்தான் நானும் என் மனைவியும் சென்னைக்கு அருங்காட்சியகம் பார்க்கப் போனோம்.

குழந்தைக்கு அப்போது ஒன்றரை வயது. சோற்றைக் கண்டால் உதட்டை இறுக்கிக்கொள்ளும். இட்லியைப் பிசைந்து ஊட்டினால் நாக்கால் வெளியே தள்ளும். அம்மாவின் மாராப்பை விலக்கிக் கண்ணை மூடிக்கொண்டு, ஒரு காலை ஆட்டியபடி நாள் முழுக்கக் குடிக்கும். எடை ஏறவே இல்லை. பாலை நிறுத்தினால்தான் சோறு இறங்கும் என்று கள்ளக்குறிச்சியில் எங்களுக்குத் தெரிந்த மருத்துவர் சொல்லிவிட்டார்.

வேப்பெண்ணெய் தடவிப் பார்த்தோம். குழந்தை ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தது. தன் பாவாடையால் எண்ணெயைத் துடைத்துவிட்டு மறுபடியும் குடித்தது. அதற்கு அடுத்தபடியாக எங்கள் பக்கத்தில் செய்வது, தாயை அப்புறப்படுத்துவது. சில நாள் தாய் கண்ணில் படாமல் இருந்தால் பால் நினைப்பு போய்விடும் என்பார்கள். அதையும் செய்தோம். மனைவியைச் சங்கராபுரத்தில் ஓர் உறவினர் வீட்டுக்கு அனுப்பினோம். காலையில் போனவள் சாயங்காலம் திரும்பி வந்துவிட்டாள்.

"பஸ்ஸு எதிர்ல வந்து நின்னுது, ஏறிட்டேன்" என்றாள்.

இட ஒதுக்கீடு கேட்டு வட மாவட்டங்களில் போராட்டங்கள் நடந்துகொண்டிருந்த ஆண்டுகள் அவை. நான் ஒரு நாளிதழுக்குக் கள்ளக்குறிச்சியிலிருந்து செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். ஒரு வாரம் தொடர் சாலை மறியல் என்று அறிவிப்பு வந்தது. அதையும் அனுப்பினேன். ஒரு வாரம் என்று அறிவித்தால் ஒரு நாள் நடக்கும் என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. கைது செய்வார்கள், கல்யாண மண்டபத்தில் உட்காரவைத்துச் சாப்பாடு போடுவார்கள், இருட்டுவதற்குள் விட்டுவிடுவார்கள். மறுநாள் பஸ் ஓடும்.

மனைவியின் அக்காள் கல்வராயன் மலையில், வெள்ளிமலையில் இருந்தாள். அவள் கணவருக்கு அங்கே அரசு வேலை. அந்த வாரம் சாமான் வாங்கக் கீழே வந்தவள், எங்கள் வீட்டில் பேப்பரை விரித்து மறியல் செய்தியைப் படித்தாள். படித்து முடித்ததும் அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"இது நல்லதாப் போச்சி. பஸ்ஸே ஓடாதுன்னா இவ எப்பிடி ஓடியாருவா? கொழந்தைய நான் மேல தூக்கிக்கினு போய்டறேன். மறியலுக்கு மொத நாளே நீங்க ரெண்டு பேரும் மெட்ராஸ் போய்டுங்க மாப்ள."

"மெட்ராஸ்ல நான் இன்னா பண்றது?" என்றாள் மனைவி.

"புருஷங்கூட சுத்து. கல்யாணம் ஆனதுலேர்ந்து ஒன்ன எங்க கூட்டிக்கினு போனாரு? கோமுகி டேமுக்கு."

"அன்னிக்கு டேமுல தண்ணிகூட இல்லக்கா."

மறியல் தேதியைப் பார்த்துத்தான் பயணத்தை வைத்தோம். ஒரு நாள் பஸ் இல்லாமல் போகும். அந்த ஒரு நாள் அவள் மனம் மாறினாலும் திரும்பி வர முடியாது. அதற்குள் குழந்தை அழுது அடங்கிவிடும். எங்கள் யாருக்கும் இதில் ஒரு குறையும் தோன்றவில்லை.

மலை பஸ் கிளம்பும்போது மனைவி பேருந்து நிலையத்து டீக்கடைக்குப் பின்னால் நின்றாள். குழந்தை அவளைப் பார்த்துவிடக் கூடாது. அக்காள் மடியில், ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து அது எனக்குக் கை ஆட்டியது. பஸ் கச்சிராயபாளையம் சாலையில் திரும்பிய பிறகும் அவள் டீக்கடைக்குப் பின்னாலிருந்து வரவில்லை. போய்ப் பார்த்தேன். வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். "பசிக்குதுங்க" என்றாள்.

சென்னையில் அலுவலக நண்பர் ஒருவருடைய ஒண்டுக் குடித்தன வீட்டில் தங்கினோம். மறுநாள் காலை அருங்காட்சியகத்துக்குப் புறப்பட்டோம். சென்னையில் அதற்குச் செத்த காலேஜ் என்று பெயர். மிருகக்காட்சி சாலை உயிர் காலேஜ். வாசலில் மல்லிகைப் பூ விற்றார்கள். இரண்டு முழம் கேட்டேன்.

"நாலு மொழமா வாங்குங்க" என்றாள்.

பூவைத் தலையில் வைக்காமல் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். உள்ளே போனதும் கழிவறையைத் தேடிப் போனாள். திரும்பி வந்தபோது பூ கையிலும் இல்லை, தலையிலும் இல்லை. மல்லிகையை மார்பில் வைத்துக் கட்டினால் பால் வற்றும் என்று அக்காள் சொல்லி அனுப்பியிருந்தாள். பாடம் செய்த புலி இருந்த கூடத்தில் ரசக்கற்பூர வாடை தூக்கலாக இருந்தது. அதையும் மீறி மல்லிகை மணந்தது. அங்கே நின்ற காவலாளி மூக்கை உறிஞ்சி, புலியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். அவள் என் கையைக் கிள்ளி இழுத்துக்கொண்டு வெளியே வந்து, மாடிப்படியில் உட்கார்ந்து சிரித்தாள்.

அன்று அவள் எல்லாவற்றுக்கும் சிரித்தாள். கண்ணாடிப் புட்டியில் சுருண்டிருந்த பாம்பைப் பார்த்து, "ஊறுகாயா?" என்றாள். பறவைகளின் கூடத்தில் ஓர் ஆந்தையைக் காட்டி, எங்கள் தெருவில் இருந்த ஒரு தாத்தாவின் பெயரைச் சொன்னாள். நான் அவளுக்கு முன்னால் போகவில்லை. அவள்தான் முன்னால் போனாள். அட்டைகளை ஒன்று விடாமல் படித்தாள்.

திமிங்கிலத்தின் எலும்புக்கூடு ஒரு கூடத்தை நீளவாட்டில் அடைத்துக்கொண்டிருந்தது. விலா எலும்புகள் படகு கட்டும் துறையில் பாதியில் நிறுத்திய படகுபோல இருந்தன. அவள் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்து பார்த்தாள். பிறகு அட்டைக்கு வந்தாள்.

"பாலூட்டின்னு போட்டுக்கிறாங்க. இதுவும் பாலு குடுக்குமா?"

"குடுக்கும்."

"தண்ணிக்குள்ளியா?"

"தண்ணிக்குள்ளதான்."

அவள் எலும்பை மேலும் கீழுமாகப் பார்த்தாள். "இதுக்கு யாருங்க வேப்பெண்ண தடவுறது?"

பக்கத்தில் பிள்ளைகளோடு நின்ற பள்ளிக்கூட ஆசிரியர் திரும்பிப் பார்த்தார். எனக்கு வந்த சிரிப்பை இருமலாக மாற்ற வேண்டியிருந்தது.

நாங்கள் அந்தக் கூடத்திலிருந்து வெளியேறும் முன், எங்கோ ஒரு குழந்தை அழுதது. பசிக்கான அழுகை. எந்த ஊர்க் குழந்தையோ, பெரிய கட்டடம் என்பதால் அழுகை சுவர்களில் மோதி எங்களிடம் வந்தது. மனைவி நின்றுவிட்டாள். ரவிக்கையின் முன்பக்கம் நனைந்து, புடவையிலும் ஈரம் பரவியது. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள்.

"போலாங்க" என்றாள்.

"யானை பாக்கலியே."

"போலாங்க."

சாயங்காலம் நான் அலுவலகத்துக்குப் போனபோது செய்திகள் வந்து குவிந்திருந்தன. சாலைகளில் மனிதர்கள் உட்காரவில்லை. மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். மனிதர்களைக் கைது செய்து வண்டியில் ஏற்றலாம். புளிய மரத்தை ஏற்ற முடியாது. எங்கள் தொழிலின் கணக்கு அன்றைக்கே முடிந்துபோனது. துப்பாக்கிச் சூடு, குடிசைகள் எரிந்தது என்று தாள் தாளாக வந்துகொண்டே இருந்தது. செய்தி ஆசிரியர் என்னைப் பார்த்து, "உங்க ஊருதானேப்பா, நீயே எழுது" என்றார். என் ஊர்ச் செய்தியைச் சென்னையில் உட்கார்ந்து, டிரங்க் கால் போட்டுக் காவல் நிலையத்தில் கேட்டு எழுதினேன். கடைசியில், வெள்ளிமலை எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"மலையா? மலைக்கு யாரும் போகல சார். அங்க ஒண்ணும் இல்ல" என்றார் அந்தக் காவலர்.

அதை மனைவியிடம் வந்து சொன்னேன்.

"ஒண்ணும் இல்லன்னா?"

"கலாட்டா இல்லன்னு அர்த்தம்."

"பஸ்ஸு இல்ல. அரிசி லாரி இல்ல. அதுவும் ஒண்ணும் இல்லதான்."

மறுநாளும் பஸ் இல்லை, அதற்கு மறுநாளும் இல்லை. எந்தச் சாலையில் எத்தனை மரம் கிடக்கிறது, எந்தப் பாலம் உடைந்தது என்பதெல்லாம் எனக்கு அலுவலகத்தில் தெரிந்தது. மலைமேல் ஒரு குழந்தை சாப்பிட்டதா என்று தெரிந்துகொள்ள வழியே இல்லை. தந்தி அங்கே போகவில்லை. தொலைபேசி கிடையாது. தினமும் நான் திரும்பி வரும்போது அவள் வாசல் குழாயடியில் நிற்பாள். நான் தலையை ஆட்டுவேன். உள்ளே போய்விடுவாள்.

மல்லிகை கட்டுவதை அவள் நிறுத்திவிட்டாள். மார்பு கல்லாகக் கட்டி, காய்ச்சல் வந்தது. நண்பரின் மனைவி பூ வாங்கி வந்து கொடுத்தார்.

"கட்டிக்கோம்மா. இல்லாட்டி ஜுரம் எறங்காது."

"வேணாங்க்கா."

"எதுக்கு வீம்பு? நிறுத்தணும்னுதான வந்தே?"

"பாலு மறக்கட்டும்னுதான் வந்தேன். இவ்ளோ நாளு ஆவும்னு வர்ல. இது வத்திப்போச்சின்னா நான் இன்னத்த காட்டி அத கூப்புடுவேன்?"

அந்த அம்மாள் பூவைத் தன் தலையில் வைத்துக்கொண்டு போனார். குளியலறையில் மனைவி வெந்நீர் ஒற்றடம் கொடுத்துப் பாலைப் பீய்ச்சிக் கொட்டுவாள். பீய்ச்சிக்கொண்டே இருந்தால் நிற்காது என்று அவளுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். முதலில் கிண்ணம் நிறைந்தது. பிறகு கிண்ணத்தின் அடியை மட்டும் மறைத்தது. கதவுக்கு வெளியே நான் வெந்நீர்ச் சொம்போடு நிற்பேன். எனக்கு வேறு வேலை இல்லை.

வாரம் முடியும்வரை காத்திருக்க முடியாது என்று அவள் சொல்லிவிட்டாள். ஒரு காலைப்பொழுதில் விழுப்புரம் வரை ரயில் ஓடியது. அங்கிருந்து தக்காளி லாரியில் உளுந்தூர்ப்பேட்டை. பிறகு நடந்தோம். எலவனாசூர்கோட்டைக்கு முன்னால் சாலைக்குக் குறுக்கே ஒரு பெரிய புளிய மரம் கிடந்தது. அதன் நிழலில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். தோளில் துண்டு போட்டிருந்த ஒருவர் எழுந்து வந்தார்.

"எங்கேர்ந்து வரீங்க?"

"மெட்ராஸ்லேர்ந்து."

"இன்னா வேலையா போனீங்க?"

பத்திரிகை என்று சொல்வதா வேண்டாமா என்று நான் யோசிப்பதற்குள் மனைவி சொன்னாள். "செத்த காலேஜ் பாக்க."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

"ஊரே பத்திக்கினு கெடக்குது, ஒங்களுக்கு செத்த காலேஜு கேக்குதா? இன்னா பாத்தீங்க?"

"திமிங்கிலம்."

"உசுரோடவா?"

"எலும்பு."

"எலும்பு பாக்க எம்மாந் தூரம் போய்க்கிறாங்க பாருங்கடா. புள்ளகுட்டி இல்லியா?"

"மலையில கீது. பாலு மறக்கடிக்க உட்டுட்டு வந்தோம். அதுக்குள்ள நீங்க மரத்தப் போட்டுட்டீங்க."

அவள் குரலை உயர்த்தவில்லை. துண்டுக்காரர் மரத்தைப் பார்த்தார். தான் வெட்டிய மரம் என்பதுபோல் இல்லாமல், யாரோ கொண்டுவந்து போட்டதுபோல் பார்த்தார். பிறகு ஒரு கிளையை விலக்கிப் பிடித்தார்.

"இப்பிடி பூந்து போங்க. அந்தாண்ட எங்க பங்காளி டிராக்டரு நிக்கும். வயக்காட்டு வழியா கள்ளக்குறிச்சியில உட்டுடுவான். நான் சொன்னேன்னு சொல்லுங்க."

கிளைக்கு அந்தப்புறம் உட்கார்ந்திருந்த ஓர் இளைஞன் ஆறுதலாகச் சொன்னான். "கவலப்படாதீங்கக்கா. இந்நேரம் சுத்தமா மறந்துட்டிருக்கும். எங்க அண்ணங் கொழந்த அப்பிடித்தான்."

கள்ளக்குறிச்சி வரை அவள் டிராக்டரில் நின்றுகொண்டே வந்தாள். வீட்டுப் பூட்டைத் திறக்கக்கூட நிற்கவில்லை. டிராக்டர்க்காரர் கச்சிராயபாளையம் வரை கொண்டுவந்து விட்டார். அங்கே மலைக்கு அரிசி ஏற்றிக்கொண்டு ஒரு லாரி நின்றது. மூட்டைகளின் மேல் உட்கார்ந்து மலை ஏறினோம்.

நாங்கள் போனபோது பிற்பகல். அக்காள் முற்றத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். குழந்தை அவள் பக்கத்தில் உட்கார்ந்து உமியை அள்ளித் தன் தலையில் போட்டுக்கொண்டிருந்தது. கன்னம் சற்று உப்பியிருந்தது. அதை நான் முதலில் பார்த்தேன். மனைவி படலுக்கு இந்தப் பக்கமே நின்றாள். கூப்பிடவில்லை.

குழந்தை நிமிர்ந்து பார்த்தது. அழவில்லை, ஓடவில்லை. எழுந்து, உமி ஒட்டிய கைகளை விரித்தபடி நடந்து வந்து அவள் காலைக் கட்டிக்கொண்டது. அவள் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். அது மடியில் ஏறி, பழைய பழக்கம்போல மாராப்பை விலக்கியது.

"குடுத்துடாதடி" என்றாள் அக்காள். "ரெண்டு நாளு தொண்ட கிழிய கத்துச்சி. அந்தப் பாடெல்லாம் வீணாப்பூடும்."

மனைவி அவளைப் பார்க்கவில்லை. ரவிக்கையின் கொக்கியைக் கழற்றினாள்.

குழந்தை கண்ணை மூடிக்கொண்டு சப்பியது. ஒரு கால் ஆடத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் கால் நின்றது. வாயை எடுத்து, அம்மாவின் முகத்தைப் பார்த்தது. மறு பக்கத்தையும் சப்பிப் பார்த்தது. பிறகு அவசரமில்லாமல் மடியிலிருந்து இறங்கி, அக்காளிடம் போய் முறத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது.

மனைவி கொக்கியை மாட்டிக்கொண்டாள்.

"இன்னா சோறு குடுக்கறே?"

"சாமச் சோறுதான். மோரு ஊத்திக் கரைச்சா துன்னுது. அரிசி எங்க கெடச்சிது?"

"எங்க வெச்சிக்கிறே?"

அக்காள் அடுப்படியைக் காட்டினாள். மனைவி உள்ளே போய்க் கிண்ணத்தில் சோறு போட்டு, மோர் ஊற்றிப் பிசைந்துகொண்டு வந்தாள். குழந்தையின் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு வாய் நீட்டினாள். அது கையைப் பார்த்தது. பிறகு தலையைத் திருப்பி, பெரியம்மாவைப் பார்த்துக்கொண்டே வாயைத் திறந்தது.